கொரோனா காலமும் அரசுப் பள்ளி மாணவரின் டாக்டர் கனவும்

(மூன்றாமாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன், வாசுதேவநல்லூர்)



பாலிடெக்னிக் ஆண்டு மலரில் டாக்டர் படிப்பைப் பற்றிக் கட்டுரையா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். "மோட்டார் வைண்டிங் பத்தி எழுதுல, ஜூனியர் பசங்களுக்காவது உதவும்" என்றுதான் என் அறை நண்பனும் சொன்னான். ஆனால் நம்மில் பலர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். வீட்டிலேயே முதன்முதலாக இவ்வளவு தூரம் படிக்க வந்தவர்கள். என் அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா வயல் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். நம்மைப் போன்றவர்கள் மேலே வருவதற்காக அரசும் சட்டமும் சில ஏணிகளைப் போட்டு வைத்திருக்கின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது அவற்றில் எது சரிந்தது, எது நின்றது? இதைத் தெரிந்துகொள்ள மருத்துவப் படிப்பை விட நல்ல உதாரணம் கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எல்லா வீட்டிலிருந்தும் டாக்டர் வர வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். "டாக்டர்னா மார்க்கு நல்லா எடுத்தவன் ஆகட்டுமே, எந்த வீட்டுப் பையனா இருந்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படிப் பேசுவார்? "மேலுக்கு முடியல, கிறுகிறுன்னு வருது, நெஞ்சுக்குள்ள கரிக்கு" என்பார். இதைக் கேட்டதும் புரிந்துகொள்ளும் டாக்டர் ஒருவகை. "தெளிவாச் சொல்லும்மா" என்று சலித்துக்கொள்பவர் இன்னொருவகை. களைக்கொல்லி அடித்த கையோடு சாப்பிடுவது, பீடி சுற்றுவதால் வரும் இருமல், வேலைக்கு லீவு போட்டால் அன்றைக்குக் கூலி போய்விடும் என்று மாத்திரையை மட்டும் கேட்பது... இதெல்லாம் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. இந்த வீடுகளிலிருந்து வந்தவர் டாக்டரானால் இவற்றை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பல இடத்துப் பிள்ளைகளும் மருத்துவம் படிக்க வேண்டும் என்று உலகம் முழுக்கத் திட்டம் போடுவதற்கு இதுதான் காரணம். அது அவர்களுக்குச் செய்யும் தர்மம் இல்லை, நோயாளிக்குச் செய்யும் நன்மை.

இந்தப் போராட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி உத்தரவை 1951-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கே மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களைப் பற்றியதுதான். அதையொட்டி அதே ஆண்டில் இந்திய அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு சாதிச் சான்றிதழுக்குப் பின்னாலும் அந்த வழக்கின் கதை இருக்கிறது.

கொரோனாவுக்கு முன்னால் நிலைமை

நம் மாநிலத்தில் தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஒரு காலத்தில் இருந்தது. அதை எடுத்த பிறகு பல ஆண்டுகள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவச் சேர்க்கை நடந்தது. 2017-லிருந்து நீட் தேர்வு வந்தது.

நீட்டுக்கு முன்பும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் போய்விடவில்லை. வருடத்துக்கு 30, 40 பேர் என்ற அளவில்தான் போனார்கள். நீட் வந்த பிறகு அதுவும் சுருங்கியது. 2019-20-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களில் ஏறத்தாழ 41 சதவீதம் பேர் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். அந்த வருடம் எம்.பி.பி.எஸ். இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் 6 பேர். ஆமாம், ஆறே பேர்! எங்கள் பள்ளி வாலிபால் டீமில் கூட அதே எண்ணிக்கைதான்.

இதைச் சரிக்கட்ட 2017-லிருந்து அரசு இலவச நீட் பயிற்சி நடத்தியது. ஒன்றிய அளவில் 412 மையங்கள் அமைத்தார்கள். லீவு நாளில் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். லட்சம் ரூபாய் கட்டி நகரத்துக் கோச்சிங் சென்டருக்குப் போக முடியாதவர்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

ஊரடங்கு வந்தது

2020 மார்ச் மாதம். பிளஸ் டூ பரீட்சையின் கடைசி நாள் மார்ச் 24. மறுநாளே நாடு முழுக்க ஊரடங்கு. பரீட்சை முடிந்து நீட்டுக்கு முழுமூச்சாகப் படிக்க வேண்டிய நேரத்தில் எல்லாக் கதவும் சாத்தப்பட்டது. மே 3-ல் நடக்க வேண்டிய நீட் தேர்வை முதலில் ஜூலை 26-க்குத் தள்ளினார்கள். பிறகு செப்டம்பர் 13-க்குத் தள்ளினார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், "நாலு மாசம் கூடக் கிடைச்சுதே, நல்லாப் படிக்கலாமே!" என்று தோன்றும். ஆனால் அந்த நாலு மாதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. தனி அறை, வைஃபை, கோச்சிங் சென்டரின் ஆன்லைன் வகுப்பு என்று எல்லாம் இருந்தவர்களுக்கு அது கூடுதல் நேரம். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது வெறும் காத்திருப்பு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த வருடம் நீட் எழுதினார். பள்ளி நாளிலேயே சனி, ஞாயிறு பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஊரடங்கில் மையம் மூடியது. பயிற்சி இணையத்துக்கு மாறியது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போனை அப்பா லோடு வண்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வந்த பிறகுதான் போன் கையில் கிடைக்கும். அன்றைய டேட்டாவில் மிச்சம் இருந்தால் வீடியோ ஓடும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து டவர் தேடுவார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டதால் பள்ளிக்கூடமும் கிடையாது, டீச்சரும் கிடையாது.

மாவட்டங்களுக்கு இடையே பஸ் ஓட ஆரம்பித்தது செப்டம்பர் 7-ல். பரீட்சை 13-ல். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் பரீட்சை எழுதப் போவதென்றால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். பஸ் ஓடுமா ஓடாதா என்று கடைசி வாரம் வரை அந்த வீட்டில் பேச்சாக இருந்தது. அக்கா எழுதினார், ஆனால் மார்க் போதவில்லை. மறுவருடம் எழுத வீட்டில் விடவில்லை. நர்சிங் சேர்ந்து முடித்து இப்போது வேலை பார்க்கிறார். நல்ல வேலைதான். ஆனாலும் நீட் பேச்சு வந்தால், "அந்த ஆறு மாசம் மட்டும் சரியாக் கெடச்சிருந்தா..." என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள். டி.வி.யில் வருகிற சாரிடம் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் அதில் ஒரே குறை!

நம் பாடத்தில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். சீரியல் செட்டில் பல்புகளைத் தொடராக இணைத்திருப்போம். ஒரு பல்பு போனால் எல்லாம் அணைந்துவிடும். இலவசப் பயிற்சித் திட்டமும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடம், பஸ், ஆசிரியர், போன், டவர் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக இணைந்திருந்தன. இதில் ஒன்று அறுந்தாலும் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேராது. கொரோனா ஒரே நாளில் நாலைந்தை அறுத்துவிட்டது.

அதே வருடம் வந்த 7.5 சதவீதம்

இங்கேதான் கதை திரும்புகிறது. பயிற்சி நின்ற அதே வருடத்தில்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதுவரை கிடைக்காத ஒன்று கிடைத்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் மருத்துவத்துக்குப் போக முடியவில்லை என்று ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கலையரசன் தலைமையில் 2020 மார்ச்சில் குழு அமைக்கப்பட்டது. ஊரடங்கிலும் அது வேலை செய்து ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. செப்டம்பரில் சட்டமன்றம் கூடியது. கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாது என்று கலைவாணர் அரங்கத்தில் கூட்டினார்கள். அங்கேதான் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் வரத் தாமதமானது. நீட் முடிவு வந்து கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29-ல் அரசு தனியாக ஆணை போட்டது. மறுநாள் ஆளுநரும் ஒப்புதல் கொடுத்தார்.

இந்த ஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. இது 69 சதவீதத்துக்கு மேலே தனியாக வைத்தது இல்லை. உள்ளுக்குள் வைத்தது. மாநில ஒதுக்கீட்டில் 200 இடம் இருந்தால் அதில் 15 இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அந்த 15-ம் பொதுப் பிரிவு, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று வழக்கமான விகிதத்தில்தான் பிரியும்.

2. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் வருவார்கள்.

3. நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள், ஒரே பல்கலைக்கழகம். "ஒதுக்கீட்டு டாக்டர்" என்று தனிப் பட்டம் எதுவும் கிடையாது.

2020 நவம்பர் 18-ல் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. முதலில் கூப்பிட்டது இந்த 7.5 சதவீதப் பிள்ளைகளைத்தான். முதல் வருடம் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் எம்.பி.பி.எஸ். 313, பல் மருத்துவம் 92. முந்தின வருடம் 6. இந்த வருடம் 313. ஐம்பது மடங்குக்கு மேல்! பிறகு இடங்கள் கூடிக்கொண்டே போய், 2023-ல் ரெண்டும் சேர்த்து 600-ஐத் தாண்டிவிட்டது. இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சீட்டு கிடைத்தது... பீஸ்?

அரசு மருத்துவக் கல்லூரியில் அப்போது வருடத்துக்கு 13,000 ரூபாய்ச் சொச்சம்தான் கட்டணமாக இருந்தது. ஆனால் ஒதுக்கீட்டு இடங்களில் ஒரு பகுதி தனியார் கல்லூரியில் இருந்தது. அங்கே வருடக் கட்டணம் லட்சக்கணக்கில். ஊரடங்கில் மாதக்கணக்காகக் கூலி இல்லாமல் இருந்த வீடுகள் அவை. கையில் சீட்டு வந்தும் "எங்களால முடியாது சார்" என்று விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். கலந்தாய்வு தொடங்கிய சில நாளில், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் இடத்தை விட்டவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

சேர்ந்த பிறகும் கொரோனா விடவில்லை. வழக்கமாக ஆகஸ்டில் தொடங்க வேண்டிய முதலாமாண்டு வகுப்பு 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. மறுபடியும் வீடு, மறுபடியும் செல்போன். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழில் அறிவியல் படித்தவன், உடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு நரம்புக்கும் புதிதாக ஒரு லத்தீன் பெயரை டவர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து கற்பதை நினைத்துப் பாருங்கள். டிப்ளமோ முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து நாம் முழித்த முழி ஞாபகம் இருக்கும்தானே? அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு கொடுத்தது. 9 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கான திட்டம் அது. ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதம் கழித்து வந்தது என்றாலும், வந்தது பெரிய உதவிதான்.

ஒரு குழு எடுத்த கணக்கு

2021 ஜூனில் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. ஜூலையில் அறிக்கை வந்தது. அதில் உள்ள ரெண்டு கணக்கு என்னைத் தூங்க விடவில்லை.

ஒன்று, வீட்டில் முதல் பட்டதாரியாக மருத்துவம் சேர்ந்தவர்கள் 2016-17-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். 2020-21-ல் ஏறத்தாழ 14 பேர்.

இன்னொன்று, பிளஸ் டூ முடித்து ஒரு வருடமோ ரெண்டு வருடமோ வீட்டிலிருந்து படித்து, மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 2020-21-ல் ஏறத்தாழ 71 பேர்.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து படிக்க ஒரு வருடம் கொடுக்க எந்த வீட்டால் முடியும்? அந்த நர்ஸ் அக்கா வீட்டால் முடியவில்லை. எங்கள் வீட்டாலும் முடியாது. பத்தாவது முடித்ததும் நான் பாலிடெக்னிக் சேர்ந்ததற்கு ஒரு காரணம், மூணு வருடத்தில் வேலை கிடைத்துவிடும் என்பதுதான். முதல் பட்டதாரிகள் குறைந்தது கொரோனாவால் மட்டும் இல்லை. அதற்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற கயிற்றில் கொரோனா இன்னொரு கல்லைக் கட்டியது. 7.5 சதவீதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த வருடம் அரசுப் பள்ளியின் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இங்கிலாந்தில் 2020-ல் பள்ளி இறுதித் தேர்வே நடக்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்கு வைத்து மார்க் போட்டார்கள். பள்ளியின் பழைய ரிசல்ட்டைப் பார்த்துப் போட்டதால், ஏழைப் பகுதிப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு மார்க் இறங்கியது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்டில் சில நாட்களிலேயே அரசு அந்தக் கணக்கைக் கைவிட்டு, ஆசிரியர் போட்ட மார்க்கையே ஏற்றது.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. கொரோனாவைப் பார்த்த பிறகு டாக்டராக வேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் கூடினார்கள். 2021-ல் மருத்துவக் கல்லூரி முதலாமாண்டில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் முந்தின ஆண்டை விட 21 சதவீதம் அதிகம். ஆனால் 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2024-ல் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டார்கள். கொள்ளைநோய் இறக்காததைச் சட்டத்தில் வந்த ஒரு மாற்றம் இறக்கிவிட்டது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

உதவியாகக் கொடுத்தது உடைந்தது, சட்டமாகக் கொடுத்தது நின்றது. பயிற்சி மையம், வகுப்பு, முகாம் எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தவைதான். ஆனாலும் ஒரு பூட்டு விழுந்ததும் நின்றுவிட்டன. ஒதுக்கீடு காகிதத்தில், அரசு ஆணையில், சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதை ஊரடங்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்காகச் சட்டம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். பீஸ் கட்ட ஆள் இல்லாமல் சீட்டை விட்டவர்களைப் பார்த்தோம். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வாசல் வரை வர பஸ்ஸும் வேண்டும். ரெண்டும் சேர்ந்து இருந்தால்தான் எங்கள் தெரு அக்கா மாதிரி ஒருவர் பாதியில் பேச்சை நிறுத்த வேண்டிய நிலை வராது.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். விருதுநகர் அந்தப் பட்டியலில் உண்டு, தென்காசி இல்லை. நம் மாவட்டத்துக்கு ஒன்று கேட்பது நம் தலைமுறையின் வேலை.

நம் கையில் உடனே இருப்பது இன்னொன்று. லீவில் ஊருக்குப் போகும்போது தெருவில் இருக்கும் தம்பி தங்கச்சிகளின் வீட்டில் இதைச் சொல்லுங்கள். "ஒன்பதாம் வகுப்புக்குக் கடன வாங்கியாவது பிரைவேட் ஸ்கூல்ல போட்ருவோம்" என்று பேசும் அப்பா அம்மா இன்றும் இருக்கிறார்கள். அப்படி மாற்றினால் 7.5 சதவீதத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. 2021-ல் இதே ஒதுக்கீட்டைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரித்துவிட்டார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. நம் வகுப்புப் பெண்கள் வாங்கும் 'புதுமைப் பெண்' ஆயிரம் ரூபாய்க்கும், நாம் வாங்கும் 'தமிழ்ப் புதல்வன்' ஆயிரம் ரூபாய்க்கும் அரசுப் பள்ளிச் சான்றுதான் முதல் ஆதாரம். முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று இருப்பதையும், அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகிறவர்களுக்கும் அது உதவும்.

நமக்கு யாரும் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. தெரிந்த நாம் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்வார்கள்? சிந்திப்போம் நண்பர்களே! இந்த லீவிலேயே ஒரு வீட்டிலாவது போய்ச் சொல்வோம்!